மானுக்கு எந்தத் தோட்டா: .223-ஆ, .243-ஆ, 6.5-ஆ?

டெக்சஸில் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும். புதுசு வாங்கின கையோடு, நவம்பர் முதல் சனிக்கிழமை மான் சீசன் திறப்பதற்குள், எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "அண்ணா, எங்கிட்ட ஏற்கெனவே ஏ.ஆர். இருக்கு, அதுலயே மான் அடிக்கலாமா, இல்ல வேற வாங்கணுமா?" ஏ.ஆர். என்றால் ஏ.ஆர்.-15, ராணுவத் துப்பாக்கிச் சாயலில் இருக்கும், பெரும்பாலும் .223 தோட்டா போடுவது. போன வருஷம் கேட்டவர் ஆஸ்டின் பக்கத்தில் இருக்கும் ஒரு தம்பி, ஊர் தென்காசி. ரேஞ்சில் அட்டையைச் சுடுவதோடு சரி, இதுவரை எந்த உயிரையும் சுட்டதில்லை. அவர் மனைவியும் கூட வருகிறார், அவருக்கும் சுட ஆசை, ஆள் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் கூட. டெக்சஸ் நடுவில் இருக்கும் குன்றுப் பகுதியான ஹில் கன்ட்ரியில் லானோ பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு வார இறுதிக்குப் பணம் கட்டி இடம் பிடித்தாகிவிட்டது. ஆக ஒரு துப்பாக்கி, இரண்டு புது ஆட்கள், சின்ன மான், தூரம் நூறு கெஜம் சொச்சம். இதற்கு எது பொருந்தும் என்று போனில் ஒரு மணி நேரம் பேசினதை எழுதி வைத்துவிட்டால் அடுத்து கேட்கிறவருக்கு அப்படியே அனுப்பிவிடலாமே என்றுதான் இது.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அதில் பேச்சே இல்லை. இங்கே கதை வேறு, வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது, சீசன் உண்டு, எண்ணிக்கை வரம்பு உண்டு, அடித்த மானுக்கு லைசென்ஸோடு வரும் டேக் என்ற அடையாளச் சீட்டைக் கட்ட வேண்டும்.

சரி, தோட்டாவுக்குப் போவதற்கு முன்னால் மானைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் துப்பாக்கிக் கடையில் நிற்கும்போது எல்லோரும் மறந்துபோவது அதைத்தான். ஹில் கன்ட்ரி மான் சின்னது. பெட்டை மான் பல நேரம் உயிரோடு நூறு பவுண்டு கூட வராது, நம் ஊர்க் கிடா ஆடு கொஞ்சம் கால் நீண்டால் எப்படியோ அப்படி. பரணில் உட்கார்ந்து, சோளம் தூவும் ஃபீடருக்குப் பக்கத்தில் வரும் மானைச் சுடுகிறோம். நான் சுட்டதில் முக்கால்வாசி 120 கெஜத்துக்குள்தான். மானைக் கீழே விழவைப்பது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் நுரையீரலும் இதயமும். அந்த இடம் ஒரு டிபன் தட்டு அளவு, சுமார் எட்டு அங்குலம். மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே குண்டு புகுந்து, இரண்டு நுரையீரலையும் கிழித்து மறுபக்கம் வெளியே வந்தால், எந்தத் தோட்டாவாக இருந்தாலும் அந்த மான் ஐம்பது அறுபது கெஜம் தாண்டாது. தோட்டாச் சண்டையெல்லாம் இதெல்லாம் ஒழுங்காக நடக்காத அன்றைக்குத்தான்.

இப்போது எடை. தோட்டா என்பது கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுசு, குண்டு அதன் முனையிலிருந்து பறந்து போகும் பகுதி. .223, .243 என்பது குண்டின் குறுக்களவு ஏறக்குறைய அங்குலத்தில், 6.5 என்பது மில்லிமீட்டரில். குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள், அது நமக்கு மனதில் நிற்காது. நான் தம்பிக்குத் தங்கக் கணக்கில் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டார். ஒரு பவுன் எட்டு கிராம். .223-இல் மானுக்குப் போடும் 62 கிரெய்ன் குண்டு நாலு கிராம், அதாவது அரைப் பவுன், ஒரு சின்ன மோதிரம். .243-இல் 100 கிரெய்ன் குண்டு ஆறரை கிராம், முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேலே. 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் என்றால் ஒரு பவுனைத் தாண்டி ஒன்பது கிராம் சொச்சம். மூன்றும் வினாடிக்கு 2,700 முதல் 3,000 அடி வேகத்தில் போகிறவை. இந்த மோதிரத்துக்கும் அந்த ஒரு பவுனுக்கும் நடுவில்தான் நம் முடிவு இருக்கிறது. (இங்கே சொல்லும் பவுனையும் துப்பாக்கி எடையின் பவுண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், தம்பி ஒருமுறை குழப்பிக்கொண்டார்.)

.223 ரெமிங்டனில் தொடங்குகிறேன், ஏனென்றால் கையில் இருப்பது அதுதான். இதன் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உதை என்று ஒன்று இருப்பதே தெரியாது, எட்டுப் பவுண்டு துப்பாக்கியில் மூன்று அடி-பவுண்டுக்குக் (உதைக்கும் குண்டின் ஆற்றலுக்கும் இதுதான் அளவு) கொஞ்சம் மேலே, தோளைத் தட்டிக் கூப்பிடுவது போல இருக்கும். பழைய .30-06 அதே எடைத் துப்பாக்கியில் இருபது வரை போகும், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பயிற்சித் தோட்டா ஒன்று அரை டாலர் பக்கம், ஆகவே ஒரு சனிக்கிழமையில் நூறு சுடலாம், பர்ஸ் அழாது. நூறு சுட்ட கை வேறு, இருபது சுட்ட கை வேறு. வேட்டையில் குறி தப்புவதற்கு முதல் காரணம் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடித் தோளைத் தூக்குவது. நம்ப மாட்டீர்கள் என்றால், மேகசினில் ஆறு தோட்டாவுக்கு நடுவே எங்கே என்று தெரியாமல் ஒரு டம்மித் தோட்டாவை யாரையாவது போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது "டிக்" என்று மட்டும் கேட்கும், குழல் முனை மூன்று அங்குலம் கீழே குதிக்கும், பக்கத்தில் நிற்பவர் சிரிப்பார். .223-இல் அந்தக் குதியல் பெரும்பாலும் வராது. டெக்சஸ் சட்டமும் இதைத் தடுக்கவில்லை, வெள்ளைவால் மானுக்கு ரிம்ஃபயர் (விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்னத் தோட்டா) கூடாது என்பதுதான் விதி. அதனால் அணிலுக்குச் சுடும் .22 எல்.ஆர். எடுத்துக்கொண்டு போகக் கூடாது, .223 போகலாம்.

அப்புறம் என்ன பிரச்சினை? முதலாவது குண்டின் தன்மை. கடை அலமாரியில் இருக்கும் .223 பெட்டிகளில் பத்துக்கு எட்டு மானுக்கானது அல்ல. ஒன்று முழுக்க உறை போட்ட ராணுவ ரகம், விரியாமல் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போய்விடும், பல மாநிலங்களில் பெரிய விலங்குக்குச் சட்டமே தடுக்கிறது. இன்னொன்று கொயோட்டி (நரி மாதிரி ஒன்று), பிரெய்ரி டாக் (வளை தோண்டும் அணில் இனம்) போன்றவற்றுக்குச் செய்த மெல்லிய உறைக் குண்டு, பட்ட இடத்திலேயே வெடித்துத் தூளாகும்படி வேண்டுமென்றே செய்தது. மானுக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே: விரியவும் வேண்டும், உடையாமல் உள்ளே போகவும் வேண்டும். 60 கிரெய்ன் நாஸ்லர் பார்ட்டிஷன், 62 கிரெய்ன் ஃபெடரல் ஃபியூஷன், 55 கிரெய்ன் பார்ன்ஸ் செம்புக் குண்டு மாதிரி ஒரு கைப்பிடி ரகங்கள்தான் அந்த வேலைக்கு. 77 கிரெய்ன் நீளக் குண்டு போட்டு .223-இலேயே பெரிய மான் அடிக்கிறோம் என்று ஒரு கூட்டம் இப்போது கிளம்பியிருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வருஷத்துக்கு இரண்டாயிரம் தோட்டா சுடுகிறவர்கள், நம் தம்பியைப் போலக் கொலுவுக்கும் தீபாவளிக்கும் நடுவில் நேரம் கண்டுபிடிக்கிறவர்கள் இல்லை.

இரண்டாவது, குழலுக்குள் இருக்கும் புரி. குண்டைச் சுழற்றிவிடும் அந்தப் புரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று குழல் மேலேயே பொறித்திருக்கும். ஏ.ஆர். துப்பாக்கிகளில் பெரும்பாலும் 7, 8 அல்லது 9 அங்குலம், அதில் 62 கிரெய்ன் நன்றாகவே போகும். ஒவ்வொரு தடவையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பழைய போல்ட் ஆக்‌ஷன் .223 யாராவது மலிவாகக் கொடுத்தால் கவனம், அதில் 12 அங்குலமாக இருக்கலாம், 55 கிரெய்னுக்கு மேல் போனால் குண்டு தள்ளாடிக்கொண்டு அட்டையில் சாவித்துவாரம் மாதிரி ஓட்டை போடும். மூன்றாவது, பெட்டியில் போட்டிருக்கும் வேகம் 24 அங்குலக் குழலுக்கு. தம்பியின் துப்பாக்கி 16 அங்குலம், அதில் 62 கிரெய்ன் 2,750 அடிப் பக்கம்தான் வரும். ஆற்றல் குழல் வாயில் ஆயிரம் அடி-பவுண்டுக்குச் சற்று மேலே, நூறு கெஜத்தில் 850 பக்கம். இந்த ஆற்றல் எண்ணை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை, மானைக் கொல்வது எண் அல்ல, துளை. ஆனால் கையில் இருப்பு எவ்வளவு என்று காட்டும், பாங்க் பாஸ்புக் மாதிரி.

அந்த இருப்பு இல்லாமல் போன ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். மூன்று சீசனுக்கு முன்னால், ஒரே பண்ணையில் பக்கத்துப் பரணில் இருந்த நண்பர், அவருக்கும் அதுதான் முதல் மான். ஏ.ஆர்., உள்ளே கொயோட்டிக்கு வாங்கி வைத்திருந்த 55 கிரெய்ன், பிளாஸ்டிக் முனை. ஐந்தரைக்கு ஒரு பெட்டை ஃபீடரை நோக்கி வந்தது, பக்கவாட்டில் இல்லை, சாய்வாக அவரைப் பார்த்தபடி. வெளிச்சம் போகிறது, காலையிலிருந்து உட்கார்ந்தாச்சு, சுட்டுவிட்டார். மான் துள்ளியது, ஓடியது. நான் போய்ப் பார்த்தபோது தரையில் ஒரு கைப்பிடி முடி, சுண்ணாம்புக் கல் மேலே இரண்டு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் தடமே இல்லை. சீடர் புதருக்குள், சப்பாத்திக் கள்ளிக்குள், டார்ச்சை வைத்துக்கொண்டு பதினோரு மணி வரை குனிந்து நடந்தோம். கிடைக்கவில்லை. காலையில் முந்நூறு கெஜம் தள்ளி ஒரு ஓடைக்கரையில் கிடைத்தது, பின்தொடையைக் கொயோட்டிகள் தின்றிருந்தன. தோலை உரித்துப் பார்த்தால் குண்டு தோள்பட்டை எலும்பில் பட்டு அங்கேயே உடைந்திருக்கிறது. உள்ளங்கை அளவு சதை கூழாகிக் கிடக்கிறது, அதற்குக் கீழே விலா எலும்பு முழுசாக இருக்கிறது, ஒரு நுரையீரலின் ஓரத்தில் மட்டும் சீவல் மாதிரி இரண்டு உலோகத் துண்டு. மறுபக்கம் வெளியே வந்த துளை கிடையாது, அதனால்தான் ரத்தத் தடமும் இல்லை. நண்பர் ஒன்றும் பேசவில்லை, அந்த சீசன் முழுக்கத் திரும்ப வரவும் இல்லை.

அன்றைக்கு நடந்த தப்பை வரிசைப்படுத்தினால் தோட்டாவின் அளவு மூன்றாவது இடத்தில்தான் வரும். குண்டு தப்பு, கோணம் தப்பு. ஆனால் இங்கேதான் என் வாதமே இருக்கிறது. .223 வைத்திருப்பவர் "இந்தக் கோணம் வேண்டாம், திரும்பட்டும்" என்று விடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். பத்து மான் அடித்தவருக்கு அது வரும். முதல் மானுக்கு முன்னால் நெஞ்சு தொண்டைக்கு வந்து நிற்கும்போது யாருக்கும் வராது, எனக்கும் வரவில்லை. சின்னத் துப்பாக்கியைக் கத்துக்குட்டிக்குக் கொடுக்கிறோம், அதைச் சரியாக உபயோகிக்கிறவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாடு கடைக்காரர் யாரும் சொல்லாதது.

அதனால்தான் .243 வின்செஸ்டர். 1955-இல் வந்தது, .308 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கி ஆறு மில்லிமீட்டர் குண்டு ஏற்றியது. 100 கிரெய்ன் குண்டு 2,960 அடி வேகம், குழல் வாயில் 1,945 அடி-பவுண்டு, நூறு கெஜத்தில் 1,600 பக்கம், இருநூறில் 1,300-க்கு மேலே. .223 தொடங்கும் இடத்தைவிட இது இருநூறு கெஜத்தில் அதிகம் வைத்திருக்கிறது. உதை ஏழரைப் பவுண்டு துப்பாக்கியில் ஒன்பது அடி-பவுண்டுக்குள், அதாவது .308-இன் உதையில் பாதியைவிடக் கொஞ்சம்தான் மேலே. தம்பி மனைவிக்கு என் துப்பாக்கியைக் கொடுத்துச் சுடச் சொன்னேன், ஐந்து சுட்டு முடித்துவிட்டு "இவ்ளோதானா அண்ணா?" என்று கேட்டார். ஆனால் சத்தம் கடுப்பானது, காதுக்கு மஃப் மட்டும் போதாது, உள்ளே நுரை பிளக்கும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். புது ஆளுக்கு உதையைவிடச் சத்தம்தான் பயமுறுத்தும், இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

.243 பிறந்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு, புரியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே 1955-இல் ரெமிங்டனும் அதே ஆறு மில்லிமீட்டரில் .244 ரெமிங்டன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கேஸ் (மருந்து அடைக்கும் பித்தளைக் கூடு) கொஞ்சம் பெரியது, கணக்குப்படி பார்த்தால் .243-ஐவிட ஒரு படி மேல். ஆனால் அவர்கள் இதைச் சின்னப் பிராணிகளுக்கான தோட்டா என்று முடிவு கட்டி, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று புரி போட்டு, 90 கிரெய்னோடு நிறுத்திக்கொண்டார்கள். வின்செஸ்டர் 10 அங்குலப் புரி போட்டு 100 கிரெய்ன் மான் குண்டைக் கொடுத்தது. வாங்கினவர்கள் விவசாயிகள், அவர்களுக்கு வாரநாளில் கொயோட்டியும் நவம்பரில் மானும் ஒரே துப்பாக்கியில் வேண்டும். .244 படுத்துவிட்டது. 1963-இல் 9 அங்குலப் புரி போட்டு 6 எம்.எம். ரெமிங்டன் என்று பெயரையும் மாற்றிப் பார்த்தார்கள், மானும் போச்சு, மானமும் போச்சு. இன்றைக்கு .243 டெக்சஸ் சின்ன ஊர்களில் தீவனக் கடையில்கூடக் கிடைக்கிறது, 6 எம்.எம். ரெமிங்டனுக்கு அலைய வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி பரணுக்குப் போகும் வழியில் "ஐயோ, தோட்டாவை வீட்டிலேயே விட்டுட்டேனே" என்று நினைவு வரும் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

.243-லும் குண்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், அதிலும் 55, 58 கிரெய்ன் கொயோட்டி ரகங்கள் உண்டு. நான் போடுவது 95 முதல் 100 கிரெய்ன், ஈயமும் உறையும் ஒட்டவைத்த பாண்டட் ரகம் அல்லது பார்ட்டிஷன். பார்ட்டிஷன் என்பது குண்டுக்குள் நடுவில் ஒரு சுவர். 1940-களில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு பூசிய ஒரு பெரிய மூஸ் (மான் இனத்திலேயே பெரியது) மேல் சுட்ட குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்ததில் கடுப்பாகி வீட்டுக்கு வந்து செய்தது. முன்பாதி விரியும், பின்பாதி சுவருக்கு இந்தப் பக்கம் முழுசாக இருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். குண்டு சின்னதாக ஆக ஆக இந்த வித்தைக்கு மதிப்பு கூடுகிறது, 180 கிரெய்னில் பாதி உடைந்தாலும் மிச்சம் இருக்கும், 62-இல் பாதி போனால் என்ன மிஞ்சும்?

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் 80, 85 கிரெய்ன் செம்புக் குண்டைப் பாருங்கள். ஈயக் குண்டு உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத பொடி துளையைச் சுற்றி ஒரு ஜாண் தூரம்கூடப் போகும், அதை வெட்டி எறிய வேண்டும். செம்பு பூ மாதிரி நாலு இதழாக விரிந்து அப்படியே முழுசாகப் போகும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது, அங்கே இருக்கிறவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை. செம்புக்கு ஒரே நிபந்தனை வேகம், மெதுவாகப் போய்ப் பட்டால் இதழ் திறக்காது. .243-இன் வேகத்துக்கு நூற்றைம்பது கெஜத்தில் அந்தக் கவலை இல்லை.

இனி 6.5 கிரீட்மோர். இதைச் சின்னத் தோட்டாவில் சேர்க்கலாமா என்றால் ஓரத்தில் நிற்கிறது. 2007-இல் ஹார்னடி கொண்டுவந்தது, அட்டை சுடும் போட்டிக்காகப் பிறந்தது, இப்போது கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதுதான். 143 கிரெய்ன், 2,700 அடி, 2,300 அடி-பவுண்டு. நீளமான கனமான குண்டு, மறுபக்கத் துளை கிட்டத்தட்ட உறுதி, காற்றில் குறைவாகத்தான் விலகும். உதை பன்னிரண்டு பக்கம், .243-ஐவிட மூன்றில் ஒரு பங்கு கூட. அந்த மூன்றில் ஒரு பங்கு எனக்கும் உங்களுக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் நாற்பது சுட்டுப் பழக வேண்டிய ஐந்தடி ஆளுக்கு முப்பதாவது சுடும்போது தெரியும். தம்பி தனியாள், நாளைக்கே கொலராடோவுக்கு மாற்றலாகி எல்க் என்ற பெரிய மானை அடிக்கவும் ஆசை இருக்கிறது என்றால் யோசிக்காமல் 6.5 என்று சொல்லியிருப்பேன். இன்டர்நெட்டில் சொல்வதுபோல 6.5 கிரீட்மோர் மானைப் பார்த்தாலே அது படுத்துவிடும் என்பதெல்லாம் விளம்பரம், நூறு கெஜத்தில் .243-இன் துளையையும் இதன் துளையையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று நான் பலமுறை தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

6 எம்.எம். கிரீட்மோர் நல்ல தோட்டாதான், .243 செய்வதையே இன்னும் வேகமாகச் சுழற்றும் புரியோடு இன்னும் நீளக் குண்டில் செய்கிறது. முந்நூறு கெஜத்துக்கு அப்பால் சுடாதவருக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு லாபமும் இல்லை. .25-06, .257 ராபர்ட்ஸ் இரண்டும் எனக்குப் பிடித்தவை, தாத்தா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். .22-250 என்பது .223-இன் அதே குண்டை இன்னும் வேகமாக அனுப்புவது, மானுக்கு அது தீர்வு இல்லை, மெல்லிய குண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் உடையும்.

ஏ.ஆர்.தான் வேண்டும், போல்ட் பிடிக்காது என்று அடம் பிடிக்கிறவர்களுக்கு 6 எம்.எம். ஏ.ஆர்.சி. இருக்கிறது. 2020-இல் வந்தது, ஏ.ஆர்.-15 உடம்புக்குள் அடங்கும்படி செய்தது, 103 கிரெய்ன் குண்டை 24 அங்குலக் குழலில் 2,800 அடிக்கு அனுப்பும். கீழ்ப்பகுதி அப்படியே இருக்க, குழலோடு சேர்ந்த மேல்பகுதி, போல்ட், மேகசின் மூன்றையும் மாற்ற வேண்டும். தம்பிக்கு இது முதலில் பிடித்துப்போனது, இருப்பதை வைத்தே ஓட்டலாமே என்று. கணக்குப் போட்டுப் பார்த்தோம், நல்ல மேல்பகுதி வாங்கும் காசில் கடையில் ஒரு முழு .243 போல்ட் துப்பாக்கி வாங்கி, மிச்சத்தில் ஒரு சுமாரான ஸ்கோப்பும் வைத்துவிடலாம்.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள், இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வர்ஜீனியாவில் மானுக்கு .23 அளவுக்குக் கீழே கூடாது, அதனால் .223 அவுட். கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் .24, கொலராடோவில் கூடவே மானுக்குக் குறைந்தது 70 கிரெய்ன், நூறு கெஜத்தில் ஆயிரம் அடி-பவுண்டு. இங்கிலாந்தில் பெரும்பாலான மானுக்கு .240-க்குக் குறையக் கூடாது, குழல் வாயில் 1,700 அடி-பவுண்டு வேண்டும். .243 இந்த எல்லாக் கதவிலும் தலை இடிக்காமல் நுழைகிறது, .240 கதவில் 0.003 அங்குலத்தில்தான் தப்புகிறது என்றாலும்.

விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டாதீர்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது விதிவிலக்குகளில் ஒன்று. முதல் வரியில் சொன்ன ஆகஸ்ட் 31 இங்கேதான் கடிக்கும். துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, லைசென்ஸ் புதுப்பிக்க மறந்தாச்சு என்றால் அந்த விதிவிலக்கும் கையைவிட்டுப் போச்சு. க்ரீன் கார்டு வரிசையில் பதினைந்து வருஷம் நிற்கிறவர் இதில் மாட்டக் கூடாது, குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்கு அப்புறம் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும்.

இன்னொரு மான் பாக்கி இருக்கிறது, நம் புள்ளிமான். ஆமாம், கிண்டியில் மேயும் அதே புள்ளிமான்தான். 1930-களில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள், ஹில் கன்ட்ரி வெயிலும் புதரும் ஒத்துப்போய்ப் பெருகிவிட்டது, இங்கே ஆக்ஸிஸ் என்பார்கள். வெளிநாட்டு இனம் என்பதால் சீசனும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை, லைசென்ஸ் மட்டும் போதும். முதல்முறை ஸ்கோப்பில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது எனக்கு விரல் விசைக்குப் போகவில்லை, ஊர் ஞாபகம். அது போகட்டும். ஆண் ஆக்ஸிஸ் 150 முதல் 200 பவுண்டு வரை வரும், உடம்பு கெட்டி, அடிபட்டபின் ஓடுவதிலும் வெள்ளைவாலைவிடப் பிடிவாதம். இதற்கு .223 எடுத்துக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன். .243 என்றால் 100 கிரெய்ன் நல்ல குண்டு, பக்கவாட்டில் மட்டும். பெரிய கொம்பைத் தேடிப் போகிறவர் என்றால் 6.5.

தம்பிக்குச் சொன்னது இதுதான்: .243, போல்ட் ஆக்‌ஷன், 20 அல்லது 22 அங்குலக் குழல், பின்கட்டை அவர் மனைவி கைக்கு ஏற்றபடி குட்டையானது, தம்பிக்கு வேண்டுமானால் பட்டை வைத்து நீட்டிக்கொள்ளலாம். ஸ்கோப்பை நூறு கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும்படி வைத்தால் இருநூறு வரை எதையும் யோசிக்காமல் நெஞ்சைக் குறிவைக்கலாம். ஏ.ஆர்.-ஐ விற்க வேண்டாம், மலிவுத் தோட்டா போட்டுப் பழகுவதற்கு அதைவிட நல்லது இல்லை. இந்த வருஷம் காசு இல்லை, இருப்பதை வைத்துத்தான் போக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு: மேலே சொன்ன மான் குண்டுகளில் ஒன்று, நூறு கெஜத்துக்குள், மான் முழுசாகப் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும், அதுவும் நான் பரணில் பக்கத்தில் உட்கார்ந்து "இப்போ" என்று சொன்ன பிறகு.

வாங்கிவிட்டார்கள். டிசம்பர் இரண்டாவது வாரம், காலை ஏழேகால், 90 கெஜம், சுட்டது அவர் மனைவி. பெட்டை நாற்பது அடி போய் ஒரு ஓக் மரத்தடியில் படுத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன், உள்ளே போன துளை பென்சில் அளவு, வெளியே வந்தது பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவு, நடுவில் புல்லெல்லாம் பெயின்ட் தெளித்த மாதிரி தடம். அன்று சாயங்காலம் முதுகுச் சதையை மிளகு போட்டுப் பிரட்டினோம். அடுத்த வாரம் தம்பி போன் செய்தார்: "அண்ணா, .243-ஐ அவ தர மாட்டேங்கிறா. எனக்கு மறுபடி அந்த ஏ.ஆர்.தான்."